இரண்டாவது கியரில் நின்ற கார்

போன மாதம் என் அக்கா மகன் கைப்பேசியில் ஒரு காரின் படத்தை அனுப்பினான். கறுப்பு நிறம். ஜெர்மன் கார். பத்து வயதுக்கு மேல் ஆகியிருந்தாலும் துடைத்து மெழுகு போட்டு, வெயில் படும்படி நிறுத்தி எடுத்திருந்தார்கள். கீழே எழுதியிருந்தான்: "மாமா, விலையப் பாருங்க. புது லோக்கல் கார் வாங்குற காசுல இது வருது. நல்ல டீல் லா. நீங்க இதுமாதிரி நிறைய இழுத்திருப்பீங்களே, வாங்கலாமா?"

வேண்டாம் என்று தட்டினேன். பிறகு அழித்துவிட்டேன். வேண்டாம் என்ற சொல்லைக் குணா என்ற ஒருவரிடம் எத்தனையோ பேர் சொன்னோம். அதனால் இதை எழுதுகிறேன். எழுதினாலும் பயன் இருக்கும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.

நான் இழுவை லோரி ஓட்டியவன். மலேசியாவில், கோல சிலாங்கூரில் ஒரு பட்டறையில் அந்த வேலையைச் செய்து, முழங்கால் இரண்டும் போன பிறகு ஓய்வு பெற்றேன். அதற்கு முன்னால் தோட்டத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரியில் உதவியாள். தோட்டத்தை விற்றார்கள். நாங்கள் குடியிருந்த லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். என்னிடம் லோரி லைசென்ஸ் இருந்தது, வேறு எதுவும் இல்லை. பட்டறை முதலாளி, நாங்கள் தவுக்கே என்று கூப்பிடுபவர், என்னைப் பார்த்து, "கொக்கி மாட்டத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "நல்லது. தெரிஞ்சவன் தப்பா மாட்டுவான்" என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தார். என் பயிற்சி அவ்வளவுதான்.

தவுக்கே சீனர். தோட்டத்துக்குப் பக்கத்தில் மளிகைக் கடை வைத்திருந்த குடும்பத்தில் வளர்ந்ததால் எங்கள் தமிழைப் பேசுவார். ஒல்லியான ஆள். பட்டறைக்குள் ரப்பர் செருப்போடுதான் நடப்பார். யாராவது போன் செய்து வண்டி நின்றுவிட்டது என்றால் அவர் கேட்கும் முதல் கேள்வி, "ஆளு எப்படி?" என்பதுதான். வெயிலில் நிற்கிறார்களா, குழந்தை இருக்கிறதா, குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா என்றெல்லாம் கேட்டு முடித்த பிறகுதான் என்ன கார் என்று கேட்பார்.

எனக்கு அவர் இரண்டு கட்டளைகள் வைத்திருந்தார். ரோட்டோரத்தில் வைத்து யாரிடமும் விலை பேசக் கூடாது. "ரோட்டுல நிக்கிறவன் எல்லாத்துக்கும் சரின்னுதான் சொல்லுவான். அந்தச் சரி செல்லாது" என்பார். பட்டறைக்குக் கொண்டுவந்து, நாற்காலியில் உட்கார வைத்து, குடிக்க ஒரு தே வாங்கிக் கொடுத்த பிறகுதான் காசுப் பேச்சை எடுப்பார். இரண்டாவது, காருக்கு என்ன நோய் என்று நான் வாயைத் திறக்கக் கூடாது. திறந்து பார்த்தவன்தான் சொல்ல வேண்டும். அவரும் திறந்து பார்க்காமல் சொல்ல மாட்டார். பார்த்ததைக் கூட்டியோ குறைத்தோ சொல்லி நான் கேட்டதில்லை. பார்த்ததைச் சொல்லிவிட்டும் செய்ய மறுத்தது ஒரே ஒரு தடவைதான். அதற்கு வருகிறேன்.

உள்ளூர் காரை ஏற்றுவது சுலபம். ஜெர்மன் காரை ஏற்றுவதற்குப் பொறுமை வேண்டும். அதில் எல்லாமே மின்சாரம். பேட்டரி இறங்கிவிட்டால் கியர் நியூட்ரலுக்கு வராது, ஸ்டியரிங் பூட்டு விடாது, கை பிரேக்கும் விடாது. முதலில் வேறு பேட்டரியிலிருந்து உயிர் கொடுக்க வேண்டும். இழுக்கும் வளையம் பின்பெட்டியின் தரைக்கு அடியில் கருவிகளோடு கிடக்கும். முன் பம்பரில் இருக்கும் சின்ன மூடியைக் கீறல் விழாமல் நெம்பி எடுத்து, வளையத்தைக் கடைசிவரை முறுக்க வேண்டும். பாதி முறுக்கி இழுத்தால் பம்பரோடு வந்துவிடும். ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றுப் பை வைத்த கார் என்றால், பை ஓட்டையானதும் வயிறு தரையில் படிய உட்கார்ந்துவிடும். அதற்கு லோரியின் சாய்வுக்குக் கீழே பலகைகளை அடுக்கி, சாய்வை இன்னும் தாழ்வாக்கி, இழுவைக் கம்பியை விரல் விரலாகச் சுற்ற வேண்டும். ஏற்றிய பிறகு பட்டையைச் சக்கரத்தில்தான் கட்ட வேண்டும். உடம்பில் கட்டக் கூடாது. இதையெல்லாம் செய்யும்போது காரின் சொந்தக்காரர் பக்கத்தில் நின்று ஒவ்வொரு அசைவுக்கும் பல்லைக் கடிப்பார்.

பல்லைக் கடிக்காத ஒருவரும் இருந்தார். ஊரில் கிளினிக் வைத்திருந்த டாக்டர். அவரிடமும் அதே மாதிரி கார். நின்றால் போன் செய்வார், சாவியைச் சக்கரத்தின் மேல் வைத்துவிட்டு வேறு காரில் போய்விடுவார். தவுக்கே என்னென்ன மாற்ற வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தால், "செஞ்சிருங்க" என்று பாதியிலேயே போனை வைத்துவிடுவார். அந்தக் கார் அவரைப் போன்றவர்களுக்காகச் செய்தது. புதிதாக இருக்கும்போது வாங்கியவர் யாரோ, அவருடைய சம்பளத்துக்கு ஏற்ற மாதிரி அதன் ஒவ்வொரு உறுப்புக்கும் விலை போட்டிருக்கிறார்கள். வருடங்கள் போகப் போகக் காரின் விலை இறங்கிக்கொண்டே வரும். உறுப்புகளின் விலை இறங்காது. காற்றுப் பைக்குத் தன்னை இப்போது வைத்திருப்பது யார் என்று தெரியாது.

குணாவை நான் முதலில் பார்த்தது சுங்கை பஞ்சாங்கில், நெல் வயலுக்கு நடுவே போகும் பாதையில். முழுக்கைச் சட்டை, கழுத்தில் டை, கையில் கோட்டு. வாய்க்கால் ஓரத்தில் வெள்ளைக் கார் வயிறு தரையில் படிய உட்கார்ந்திருந்தது. அவருக்கு நாற்பது வயது இருக்கும். என்னைப் பார்த்ததும் வேகமாக வந்து கைகொடுத்தார்.

"வாங்கண்ணே. சாப்பிட்டீங்களா?"

வண்டி நின்று தவிக்கிற ஆள் என்னிடம் சாப்பிட்டாயா என்று கேட்டது அதற்கு முன் நடந்ததில்லை. அந்த ஒரு கேள்வியில் எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

ஏற்றி முடித்ததும் தயங்கித் தயங்கிக் கேட்டார். "அண்ணே, சுங்கை பெசார் டவுன் வழியா போகாம இருக்க முடியுமா? உள்ளுக்குள்ள தோட்டத்துப் பாதை இருக்குல்ல?"

"ஏன் தம்பி?"

"சாயங்காலம் அங்க மீட்டிங் வெச்சிருக்கேன். ஆளுங்க பார்த்தாங்கன்னா..." என்று முடிக்காமல் லோரியின் மேலிருந்த காரைப் பார்த்தார்.

போகிற வழியில் எல்லாம் சொன்னார். செம்பனை ஆலையில் ஸ்டோர் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவர். வேலையை விட்டுவிட்டு, வீடுகளுக்குத் தண்ணீர் வடிகட்டி விற்கும் நேரடி விற்பனையில் இறங்கியிருந்தார். தனக்குக் கீழே ஆட்களைச் சேர்த்தால் அவர்கள் விற்பதிலும் இவருக்குப் பங்கு. அவருக்கு மேலே இருந்தவரை லீடர் என்றார். லீடர் ஒருநாள் இவருடைய பழைய உள்ளூர் காரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இந்தக் கார்ல போயி நீ ஒருத்தன்கிட்ட வாழ்க்கை மாறும்னு சொன்னா, அவன் உன்னப் பாப்பானா, காரப் பாப்பானா?" என்று கேட்டாராம். அடுத்த மாதமே குணா இந்தக் காரை வாங்கிவிட்டார்.

"வாங்குன விலை ரொம்பக் கம்மிண்ணே. நம்பவே மாட்டீங்க."

நம்பினேன். அந்த விலைக்கு அவை கிடைக்கும் காரணமும் எனக்குத் தெரியும். கட்டளைப்படி வாயை மூடிக்கொண்டேன். இறங்கும்போது எனக்கே ஒரு தண்ணீர் வடிகட்டியை விற்றுவிட்டார். அவ்வளவு இனிமையாகப் பேசுவார்.

பட்டறையில் தவுக்கே தே வாங்கிக் கொடுத்து விலையைச் சொன்னார். குணா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஒரு பைக்கா?" என்று கேட்டார்.

"ஒரு பைக்கு. இன்னொண்ணும் சீக்கிரம் போயிரும். ரெண்டுக்கும் ஒரே வயசு."

தவுக்கே அன்றைக்கே சொன்னார். "குணா, இது ஒருநாள் செலவு இல்ல. பை, வாட்டர் பம்பு, எஞ்சின் தாங்குற ரப்பரு, கீழ் கை புஷ்ஷு, எல்லாம் வரிசையா வரும். எப்ப வரும்னு கேக்காத. வரும். வித்துடு. எல்லாம் நல்லா இருக்கிறப்பவே வித்துடு."

"இப்பதானே தவுக்கே வாங்குனேன்" என்று சிரித்தார் குணா.

அவர் முட்டாள் இல்லை. லாபம் வந்ததும் விற்றுவிடலாம் என்பதுதான் அவர் கணக்கு. ஆனால் லாபம் வருவதற்குக் கார் ஓட வேண்டும், கார் ஓடுவதற்கு லாபம் வர வேண்டும். இந்த வட்டத்துக்குள் அவர் நாலைந்து வருடம் சுற்றினார். நான் அவரை எத்தனை தடவை ஏற்றினேன் என்று எண்ணவில்லை. ஒருதடவை வாட்டர் பம்பு உடைந்து சுங்கை பெசார் போகும் சாலையில் புகை கக்கியது. அன்றைக்கு அவருடைய மகள் திவ்யாவும் கூட இருந்தாள். பள்ளிச் சீருடையில், லோரியில் எங்கள் இருவருக்கும் நடுவே உட்கார்ந்து, மடியில் புத்தகத்தை விரித்து வைத்திருந்தாள்.

"அப்பா, நம்ம பழைய சின்னக் கார் இப்ப யாருகிட்ட இருக்கு?" என்று திடீரென்று கேட்டாள்.

"தெரியாதும்மா. ஏன்?"

"அது ஒருநாளும் நின்னதில்லையில்ல?"

 குணா வெளியே செம்பனை மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு அந்தப் பெண் காரில் ஏறி நான் பார்த்ததில்லை. பள்ளி பஸ்ஸில்தான் போனாள் என்று பின்னால் தெரிந்தது.

ஒவ்வொரு தடவையும் அவரிடம் ஏதோ ஒன்று குறைந்திருக்கும். முதலில் கைக்கடிகாரத்தைக் காணோம். பிறகு நல்ல போன் போய், திரை உடைந்த போன் வந்தது. சட்டைக் கழுத்து நைந்திருந்தது. ஆனால் கோட்டு மட்டும் அப்படியே இருந்தது. கார் கழுவி மின்னியது.

ஒருநாள் அவரே காரை ஓட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். மிக மெதுவாக, எஞ்சின் அலற, உறுமிக்கொண்டு வந்தது. இரண்டாவது கியரை விட்டு மேலே ஏற மறுத்தது. தவுக்கே கையைக் காட்டி, "போதும், நிறுத்து. இனி ஓட்டாத. நாளைக்குப் பார்த்துச் சொல்றேன்" என்றார்.

மறுநாள் காரைத் தூக்கி, அடியில் படுத்து, கியர்பாக்ஸின் ஓரத்தில் இருந்த ஒரு பிளக்கைக் கழற்றினார். அதிலிருந்து எண்ணெய் சொட்டியது. விரலில் தொட்டு எனக்குக் காட்டினார். "பாரு. கியர்பாக்ஸ் நல்லா இருக்கு. இந்தப் பிளக்குக்குள்ள இருக்கிற ரப்பர் செத்துப் போச்சு. எண்ணெ வயரு வழியா மேல ஏறுது. பிளக்கை மாத்தி, எண்ணெய மாத்தி, வயரைச் சுத்தம் பண்ணா ஓடும். இந்த ஆளுக்கு இவ்வளவு நாள்ல வந்த ஒரே நல்ல சேதி இதுதான்."

அவர் முகத்தில் உண்மையான சந்தோஷம் இருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு குணாவுக்குப் போன் செய்யப் போனார். அப்போதுதான் ஓர் அம்மா வாசலில் வந்து நின்றார்.

பாலர் பள்ளி உதவியாளர்கள் உடுத்தும் சீருடை. கையில் குடை. நல்ல வெயிலில் பஸ் நிறுத்தத்திலிருந்து நடந்து வந்திருக்கிறார். "நான் குணா வீட்டுக்காரி. புவனா" என்றார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்காரவில்லை.

"தவுக்கே, எனக்கு ஒரு உதவி செய்யணும். இந்தக் கார் செத்துப் போச்சு, இனி ஒண்ணும் செய்ய முடியாதுன்னு அவருகிட்ட சொல்லிடுங்க."

"சாகலம்மா. இந்தத் தடவை சின்ன வேலைதான். ஒரு பிளக்கு."

"சின்ன வேலையா இருக்கும். செஞ்சிருவீங்க. ஓடும். அடுத்தது வரும்." அவர் குரல் உயரவில்லை. "நீங்க நல்லவரு, தவுக்கே. அதான் கஷ்டம். நீங்க ஒவ்வொரு தடவையும் அதை எழுப்பி விட்டுருறீங்க. அவரு ஒவ்வொரு தடவையும் இனிமே எல்லாம் சரியாயிடும்னு வீட்டுக்கு வர்றாரு."

தவுக்கே எண்ணெய்க் கையை மறுபடியும் துடைத்தார்.

"காரு என் பேர்ல இருக்கு. அவரு பேர்ல லோன் கெடைக்கலைன்னு என் சம்பளச் சீட்டுல எடுத்தாரு. திவ்யாவுக்கு நர்ஸ் படிப்புக்கு இடம் கெடைச்சிருக்கு. அதுக்குன்னு வெச்சிருக்கிறதைத் தவிர வீட்டுல ஒண்ணும் இல்ல. நீங்க முடியாதுன்னு சொல்லிட்டா, அவரு வித்துத்தான் ஆகணும். வேற வழி இருக்காது."

"நான் பொய் சொல்றதில்லம்மா."

"தெரியும். அதனாலதான் நீங்க சொன்னா நம்புவாரு."

தவுக்கே பட்டறைக்குள் போய், தூக்கி நிறுத்தியிருந்த காருக்கு அடியில் நின்றார்.  திரும்பி வந்து சொன்னார்: "செத்துப் போச்சுன்னு சொல்ல மாட்டேன். நான் செய்ய மாட்டேன், வித்துடுன்னு சொல்றேன். அவ்வளவுதான் என்னால முடியும்."

புவனா இரண்டு கையையும் கூப்பினார். போகும்போது என்னிடம் திரும்பி, "அண்ணே, நான் இங்க வந்தது அவருக்குத் தெரிய வேணாம். உங்களைக் கெஞ்சிக் கேக்கிறேன்" என்றார். தலையாட்டினேன்.

சாயங்காலம் குணா வந்தார். தவுக்கே தே வாங்கவில்லை. நின்றபடியே சொன்னார். "குணா, இந்தக் காரை நான் இனிமே செய்ய மாட்டேன். எடுத்துட்டுப் போயி என்ன விலை கெடைக்குதோ அதுக்கு வித்துடு."

"அவ்வளவு மோசமா, தவுக்கே?"

"பிளக்குதான். ஆனா நான் செய்ய மாட்டேன்."

குணா அவர் முகத்தையே பார்த்தார். பிளக்கு என்ற சொல் அவர் காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை. செய்ய மாட்டேன் என்பது மட்டும்தான் விழுந்தது. சண்டை போடவில்லை, திட்டவில்லை. "சரி, தவுக்கே. இத்தனை நாள் பார்த்தீங்க, நன்றி" என்று சொல்லிவிட்டு என்னிடம் வந்து, "ரவாங்குல ஒரு பட்டறை இருக்காம் அண்ணே, ஜெர்மன் காருக்குன்னே. நாளைக்கு அங்க கொண்டுபோய் விட முடியுமா?" என்று கேட்டார்.

ரவாங் வரை அவரோடு பேசிக்கொண்டே போனேன். அன்றைக்கு மட்டும் தவுக்கேயின் கட்டளையை மீறினேன். "தம்பி, நான் என் கண்ணால பார்த்தேன். எண்ணெய் சொட்டுற பிளக்கு. வேற ஒண்ணும் இல்ல. இந்தப் பெரிய பட்டறைக்கெல்லாம் போக வேணாம். வித்துடு, இல்லைன்னா அந்தப் பிளக்கை மட்டும் மாத்திட்டு வித்துடு."

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "அண்ணே, சின்ன வேலைன்னா தவுக்கே ஏன் செய்யல? சொல்லுங்க. எத்தனை பெரிய வேலையெல்லாம் செஞ்சு குடுத்தாரு? இப்ப ஒரு பிளக்குக்கு மாட்டேன்னு சொல்வாரா? பெருசா ஏதோ போயிருச்சு. என் மனசு உடையக் கூடாதுன்னு நீங்க ரெண்டு பேரும் மறைக்கிறீங்க."

அதற்கு என்னிடம் ஒரே ஒரு பதில்தான் இருந்தது. உன் மனைவி வந்து கெஞ்சினாள் என்பது அந்தப் பதில். குடையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்ற அந்த முகம் என் கண்ணை விட்டுப் போகவில்லை. சொல்லவில்லை. அந்தப் பாதியைச் சொல்லாமல் மற்றப் பாதியை அவரை நம்ப வைக்க என்னால் முடியவில்லை.

ரவாங் பட்டறையில் தரை வெள்ளை ஓடு. காத்திருக்கும் அறையில் குளிர்சாதனம், காப்பி இயந்திரம். ஓர் இளைஞர் கையடக்கக் கணினியைக் காருக்குள் மாட்டினார். பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். யாரும் அடியில் படுக்கவில்லை.

"பாஸ், கியர்பாக்ஸ் போச்சு."

குணா கொஞ்சம் தயங்கி, "ஒரு பிளக்கு லீக் ஆகுதுன்னு சொன்னாங்களே?" என்றார். அதைக் கேட்டாரே என்று எனக்கு நெஞ்சு ஒரு நொடி லேசானது.

"பிளக்கா? யாரு சொன்னா?" இளைஞர் சிரித்தார். "ஃபுல் கியர்பாக்ஸ் மாத்தணும். புதுசு வேணாம், ரொம்ப விலை. வெட்டுன கார்லேர்ந்து நல்லதா ஒண்ணு எடுத்துத் தர்றேன்."

குணா என் பக்கம் திரும்பினார். அந்தப் பார்வையை என்னால் மறக்க முடியவில்லை. அதில் கவலையைவிட நிம்மதிதான் அதிகம் இருந்தது. தான் நினைத்தது சரிதான், தன்னிடம் ஒருவர் கடைசியில் உண்மையைச் சொல்லிவிட்டார் என்ற நிம்மதி.

திவ்யாவின் படிப்புக்கு வைத்திருந்தது அந்தக் கியர்பாக்ஸுக்குப் போனது. மூன்று மாதத்தில் திருப்பி வைத்துவிடுவேன் என்று வீட்டில் சொல்லியிருக்கிறார். ஒருநாள் என் வீட்டு வாசலுக்கே காரைக் கொண்டுவந்து, ஹார்ன் அடித்து, "பாருங்கண்ணே, எப்படி ஓடுது!" என்று காட்டினார். ஓடியது. நானும் சிரித்து வைத்தேன். சில வாரங்கள்தான். மறுபடியும் இரண்டாவது கியரில் நின்றுவிட்டது. பழைய பிளக்கையும் வயரையும் மாற்றிய கியர்பாக்ஸில் அப்படியே மாட்டியிருக்கிறார்கள். வயரில் ஏறிய எண்ணெய் கட்டுப்பாட்டுப் பெட்டி வரை போய்விட்டது. இனி அந்தப் பெட்டியையும் மாற்ற வேண்டும் என்றார்கள். குணாவிடம் ஒன்றும் மிச்சமில்லை. கார் ரவாங்கிலேயே நின்றது. தவணை நின்றது. நர்ஸ் படிப்புக்குப் பதியும் நாள் போனது.

தவுக்கேயிடம் இதைச் சொன்னபோது அவர் ஒரு சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை. "பிளக்கை மாத்தியிருந்தா இன்னைக்கு அவன் ஓட்டிக்கிட்டு இருப்பான். அந்தப் புள்ள படிச்சுக்கிட்டு இருக்கும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இல்ல, வேற ஏதாவது போயிருக்கும்" என்றார். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "தெரியல லா" என்றார். அதற்குப் பிறகு அவர் யாருக்கும் காரை வித்துடு என்று சொல்லி நான் கேட்கவில்லை. என்ன கேட்டாலும் செய்து கொடுத்தார். வாடிக்கையாளர்களோடு பேசுவது குறைந்துபோனது. கண் மங்கியதும் பட்டறையை வேறு ஒருவரிடம் கொடுத்துவிட்டு, மகனோடு கிள்ளானுக்குப் போய்விட்டார்.

தவணை நின்றுபோன வண்டிகளை வங்கிக்காக மீட்கும் ஏஜெண்ட் ஒருவர் எனக்கு அடிக்கடி வேலை கொடுப்பார். ஒருநாள் அவர் கொடுத்த பதிவு எண்ணைப் பார்த்ததும் வேறு ஆளைப் போகச் சொல்லலாமா என்று யோசித்தேன். பிறகு நானே போனேன். முன்பின் தெரியாத ஒருவன் போய் அந்த வீட்டுக் கதவைத் தட்டுவதைவிட நான் போவது மேல் என்று பட்டது. உண்மையில் மேலாக இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

தாமான் குடியிருப்பில் மூலை வீடு. புவனாதான் கதவைத் திறந்தார். உள்ளே தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. குணா நாற்காலியில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். திரும்பவில்லை. நான் கூப்பிடவில்லை. எப்போதும் முதலில் சாப்பிட்டீங்களா என்று கேட்கிறவர், அன்று வாயே திறக்கவில்லை. புவனா இரண்டு சாவிகளையும் ஒரு நெகிழிப் பையில் போட்டுக் கொடுத்தார். "தண்ணி குடிங்கண்ணே" என்று டம்ளரை நீட்டினார். வாங்கிக் குடித்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. ரவாங்குக்குப் போய்க் காரை ஏற்றினேன். வளையத்தைக் கடைசிவரை முறுக்கினேன், பட்டையைச் சக்கரத்தில் கட்டினேன். பழக்கம்தான் செய்தது.

ஏலத்தில் அது எடைக்குப் போகிற விலைக்குப் போனது. கடனில் பெரும்பகுதி அப்படியே நின்றது. கார் போன பிறகும் அந்தக் கடன் புவனாவின் பேரில்தான் இருந்தது. காரை ஒருநாளும் ஓட்டாத பெண் அவர். லைசென்ஸே கிடையாது.

நான் ஓய்வு பெற்ற பிறகு புஞ்சாக் ஆலாமில் மகள் வீட்டில் இருக்கிறேன். போன வருடம் மழைக்காலத்தில் போர்வைகள் காயாததால், பல்கலைக்கழகப் பிள்ளைகள் துணி போடும் ஒரு டோபிக் கடைக்கு எடுத்துப் போனேன். கவுண்டருக்குப் பின்னால் துணி மடித்துக்கொண்டிருந்தவர் புவனா. தலைமுடி பாதிக்கு மேல் நரைத்திருந்தது. என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். காலையில் பாலர் பள்ளி, மதியத்திலிருந்து இங்கே என்றார். இங்கே வாங்கும் சம்பளம் அப்படியே வங்கிக்குப் போகிறது.

"திவ்யா?"

"ரவாங்குல ஃபேக்டரி. ஹாஸ்டல்ல இருக்கா. லீவுக்கு வருவா." ஒரு சட்டையை மடித்து முடித்தார். "அவ அப்பாகிட்ட பேசுறதில்ல."

"குணா எப்படி இருக்காரு?"

"ஜொகூர்ல யாரோ கூட்டாளியோட இருக்காருன்னு சொன்னாங்க. தீபாவளிக்கு வருவாரு. ரெண்டு வருஷமா அதுவும் இல்ல. போன் நம்பர் மாறிப் போச்சு."

கடையில் இயந்திரங்கள் சுற்றிக்கொண்டிருந்தன. ஒரு மாணவி துணிப்பையை வாங்கிக்கொண்டு போனாள். புவனா என் போர்வைகளை எடை போட்டார், சீட்டு எழுதினார். எழுதிய சீட்டை என்னிடம் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்:

"அண்ணே, அன்னைக்கு நான் பட்டறைக்கு வராம இருந்திருந்தா? தவுக்கே அந்தப் பிளக்கை மாத்தியிருந்தா?"

இவ்வளவு வருடம் இந்தக் கேள்வியை அவர் யாரிடமும் கேட்டிருக்க முடியாது. கேட்பதற்கு அவருக்கு என்னைத் தவிர வேறு ஆள் இல்லை.

"ஒண்ணும் மாறியிருக்காதும்மா" என்றேன். "அந்தக் கார் எப்படியும் போற கார்தான். அடுத்த மாசமே வேற ஏதாவது வந்திருக்கும். எல்லாம் இதே மாதிரிதான் முடிஞ்சிருக்கும்."

புவனா என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். கோபம் ஒன்றும் இல்லை.

"நீங்க நல்லவருண்ணே" என்றார். "பொய் சொல்ல வரல உங்களுக்கு."

சீட்டைக் கவுண்டரின் மேல் வைத்தார். போர்வைகளைத் தூக்கிக்கொண்டு இயந்திரங்கள் இருந்த பக்கம் போனார். நான் கொஞ்ச நேரம் நின்றேன். அவர் திரும்பி வரவில்லை.